செல்லைவிடச் சிறியது எது? நீலகிரியின் பாய்வுகளைக் கணினியில் கணிப்பது

உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 0.93 கிலோ. பாய்வுக் கணிப்பு மென்பொருள் எதைத் திறந்தாலும் 101 கிலோபாஸ்கல், 1.2 கிலோ என்று கடற்கரைக் காற்று தயாராக உட்கார்ந்திருக்கும். அதை மாற்றாமல் மலையேற்றுவது இங்கே செய்யப்படும் முதல் தவறு. கண்டுபிடிக்கவும் திருத்தவும் இதைவிட எளிதான தவறு கிடையாது. இதைச் சரிசெய்த பிறகும் விடை தப்பாக வரும் இடங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நீரும் காற்றும், எண்ணெயும் நீரும், தூளும் சூடான காற்றும் என்று ஒன்றோடொன்று கரையாத பொருள்கள் சேர்ந்து ஓடும்போது அதைப் பல்நிலைப் பாய்வு என்கிறோம். இதற்கு எந்த எண்முறை நல்லது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டும்: நமக்கு முக்கியமான நிகழ்வு மெஷ்ஷின் ஒரு செல்லைவிடப் பெரியதா, சிறியதா? (கணிக்கும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ், அதில் ஒரு கட்டம் செல்.) பெரியது என்றால் இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள எல்லையைக் கணினியிலேயே வரைந்து பின்தொடரலாம். சிறியது என்றால் அதை ஒரு சராசரிக் கணக்காக, மாதிரியாக எழுத வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்பவைதான் ஆளைப் படுத்தும்.

அணையில் மிகை நீர் வெளியேறும் சரிவான வழிந்தோடியை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வழிந்தோடியின் சரிவில் நீர் எவ்வளவு உயரத்துக்கு எழும், பக்கச் சுவர் தாங்குமா என்பதுதான் பொறியாளரின் கேள்வி. நீரின் ஆழம் மீட்டர் கணக்கு, செல் 10 சென்டிமீட்டர். எல்லையைப் பின்தொடரலாம். 1981-இல் ஹெர்ட்டும் நிக்கல்ஸும் முன்வைத்த விஓஎஃப் (பாய்மக் கொள்ளளவு) முறை இதற்கென்றே உருவானது போன்றது. ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு பங்கு நீர் என்று 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை வைத்து, அந்தப் பங்கை நீரோட்டத்தோடு நகர்த்துவார்கள். நீரின் கணக்கு தவறாது. இம்முறையின் பெரிய பலம் அது.

சிக்கல் நகர்த்துவதில் இருக்கிறது. வரும் திசையில் உள்ள செல்லின் மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் முதல்படி அப்விண்ட் முறை எந்தக் கணக்கையும் கவிழ்க்காது, எல்லாவற்றையும் கரைத்துவிடும். அது சேர்க்கும் போலி விரவலின் அளவு, வேகத்தையும் செல் நீளத்தையும் பெருக்கியதில் சுமார் பாதி. வினாடிக்கு 10 மீட்டர் வேகம், 0.1 மீட்டர் செல் என்றால் அது 0.5 ச.மீ/வி. நீரின் உண்மையான இயக்கப் பாகுநிலை அதில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. இப்படிக் கணக்குப் போட்டால் வழிந்தோடியில் ஓடுவது தண்ணீர் அல்ல, ஆறிப்போன கூழ். நேரெதிராக, நடு மதிப்பை எடுக்கும் இரண்டாம்படி முறை எல்லையை மங்கவிடாது. ஆனால் எல்லைக்கு இருபுறமும் அலைவு கிளப்பி, நீர்ப்பங்கை 1.1 என்றும் மைனஸ் 0.1 என்றும் காட்டும். முதல்படியைத் தாண்டிய எந்த நேர்கோட்டு முறையும் புது உச்சங்களைக் கிளப்பாமல் இருக்க முடியாது என்று ரஷ்யக் கணிதவியலாளர் கொதுனோவ் 1959-லேயே நிறுவிவிட்டார். ஆகவே நடைமுறையில் இருப்பவை எல்லாமே இடத்துக்கு ஏற்ப குணம் மாறும் முறைகள்தான்.

இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, செல்லுக்குள் எல்லையை ஒரு சாய்ந்த தளமாக வரைந்து, அடுத்த செல்லுக்குள் எவ்வளவு நீர் போகிறது என்று வடிவியலால் கணக்கிடுவது. பிஎல்ஐசி என்பது இதுதான். எல்லை ஒரே செல்லுக்குள் அடங்கும். ஒழுங்கற்ற மெஷ்ஷில் எழுதுவது கடினம், செலவும் கூடுதல். இன்னொன்று, சமன்பாட்டுக்குள்ளேயே எல்லையை நெருக்கிப் பிடிக்கும் ஏற்பாடு: சிஐசிசாம், எச்ஆர்ஐசி, ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் உள்ள மியூல்ஸ் ஆகியவை. எந்த மெஷ்ஷிலும் ஓடும். எல்லை மூன்று நான்கு செல் அகலத்துக்குப் பரவும். ஓப்பன்ஃபோமில் நெருக்கும் அளவை வழக்கமாக 1 என்று வைப்பார்கள். கூர்மை போதவில்லை என்று அதை 2, 3 என்று ஏற்றுபவர்கள் உண்டு. அப்போது எல்லை கூர்மையாகும், கூடவே படிக்கட்டு போலச் சுருங்கிச் செல்லின் திசையில் ஒட்டிக்கொள்ளும். அழகான படம் கிடைக்கும், அலை தப்பான இடத்தில் இருக்கும்.

இந்த இரண்டாம் குடும்பம் காலப்படியோடு, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் கால அளவோடு, சேர்த்தே பார்க்கப்பட வேண்டியது. ஒரு காலப்படியில் நீர் ஒரு செல்லில் எத்தனை பங்கு தூரம் நகர்கிறது என்பதுதான் கூரண்ட் எண். அது 0.3-ஐத் தாண்டினால் சிஐசிசாம், எச்ஆர்ஐசி இரண்டும் தாமாகவே அப்விண்ட் பக்கம் சாயும்படி எழுதப்பட்டவை. ஆகவே ‘கூர்மையான முறை’ என்று பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டு, கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று கூரண்ட் எண்ணை 2-இல் ஓட்டினால் உண்மையில் ஓடுவது அப்விண்ட்தான். மெனுவில் பெயர் மட்டும் வேறாக இருக்கும். எல்லைக்கு அருகே 0.25-க்குள், மற்ற இடத்தில் 1-க்குள் என்று வைப்பது பாதுகாப்பு.

அடுத்தது பலர் கவனிக்காத இடம். நீருக்கும் மலைக்காற்றுக்கும் அடர்த்தி வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கு மேல். நீர்ப்பங்கை ஒரு முறையிலும் உந்தத்தை இன்னொரு முறையிலும் நகர்த்தினால் இரண்டும் ஒத்துப்போகாது. எல்லையை ஒட்டிய ஒரு காற்றுச் செல்லுக்குள், வினாடிக்கு 10 மீட்டரில் ஓடும் நீரின் உந்தம் வெறும் 0.1 விழுக்காடு கசிந்துவிட்டது, ஆனால் அதற்கான நிறை வரவில்லை என்று வைப்போம். நீரின் பார்வையில் அது தூசு. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஒரு கிலோகூட இல்லாததால் அந்தச் செல்லின் வேகம் ஒரே படியில் வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் எகிறும். அந்த வேகம் கூரண்ட் எண்ணை ஏற்ற, காலப்படி சுருங்கிச் சுருங்கிக் கணக்கு நின்றே போகும். நீர் சாதுவாக ஓடிக்கொண்டிருக்க, மேலே காற்று மட்டும் புயலாக வீசும் படத்தைப் பார்த்தால் மெஷ்ஷைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகிக்கலாம். தீர்வு: நீர்ப்பங்கை நகர்த்திய அதே நிறை ஓட்டத்தையே உந்தச் சமன்பாட்டிலும் பயன்படுத்துவது, இரண்டுக்கும் ஒரே வகை வரம்பி (புது உச்சங்கள் கிளம்பாமல் தடுக்கும் ஏற்பாடு) வைப்பது.

வழிந்தோடியில் இன்னொரு பொறி இருக்கிறது. சரிவில் கொஞ்ச தூரம் வழுவழுப்பாக ஓடும் நீர் ஒரு இடத்துக்குப் பிறகு வெள்ளையாகும். தரையில் தொடங்கும் கொந்தளிப்பு மேற்பரப்பைத் தொட்டுக் காற்றை உள்ளே இழுக்கும் இடம் அது. குமிழிகள் மில்லிமீட்டர் அளவு. செல்லோ அதைப் போல நூறு மடங்கு. விஓஎஃப் இதைக் காட்டவே முடியாது. ஆனால் படத்தில் 0.3, 0.6 என்று நீர்ப்பங்கு கலந்த ஒரு பட்டை தெரியும். ‘பாருங்கள், நுரைகூட வந்திருக்கிறது’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். அது நுரையல்ல, முறையின் கசிவு. சோதிப்பது எளிது: செல்லைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். பட்டையின் தடிமனும் பாதியானால் அது போலி. உண்மை நுரையின் தடிமன் மெஷ்ஷைக் கேட்டு மாறாது. காற்று கலந்த நீர் உப்பி அதன் ஆழம் கூடும் என்பதால் சுவரின் உயரம் இதைப் பொறுத்தது. காற்று உட்புகும் அளவைத் தனி மாதிரியாகச் சேர்த்து, கலவைக்குச் சறுக்கு வேகம் (குமிழிக்கும் நீருக்கும் உள்ள வேக வித்தியாசம்) கொடுக்கும் முறைதான் இங்கே வேண்டும்.

மேற்பரப்பு இழுவிசையைப் பற்றி இதுவரை பேசவில்லை. வழிந்தோடியின் ஒட்டுமொத்த ஓட்டத்துக்கு அது தேவையில்லை, அணைத்தே வைக்கலாம். அதைப் பேச வேண்டிய இடம் தைலம் காய்ச்சும் பட்டறை. யூக்கலிப்டஸ் இலையின் ஆவியைக் குளிர வைத்தால் நீரும் தைலமும் சேர்ந்து வடியும். பாத்திரத்தில் தைலம் மேலே மிதக்கும், நீர் கீழே போகும். தைலத்தின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் சுமார் 0.91 பங்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசத்தால் வந்த தொல்லை இங்கே இல்லை. அதற்குப் பதில் வேறொன்று வரும். 0.1 மில்லிமீட்டர் தைலத் துளி நீரில் மேலே ஏறும் வேகம், ஸ்டோக்ஸ் விதிப்படி வினாடிக்கு சுமார் அரை மில்லிமீட்டர். இவ்வளவு மெதுவான நகர்வைப் பிடிக்க வேண்டும்.

விஓஎஃப்-இல் இழுவிசையைச் சேர்க்க, எல்லையின் வளைவைக் கணக்கிட்டு அதைச் செல்லில் ஒரு விசையாகப் பரப்புவார்கள். 1992-இல் பிராக்பில், கோத்தே, ஜெமாக் எழுதிய வழி அது. வளைவு என்பது நீர்ப்பங்கின் இரண்டாம் வகைக்கெழு. நீர்ப்பங்கோ எல்லையில் திடீரென்று தாவும் எண். தாவும் எண்ணை இரண்டு முறை வகையிட்டால் கிடைப்பது பாதி இரைச்சல். அந்த இரைச்சல், அசையாமல் நிற்க வேண்டிய துளியைச் சுற்றி இல்லாத சுழல்களைக் கிளப்பும். அவற்றின் வேகம் இழுவிசையைப் பாகுநிலையால் வகுத்த எண்ணின் ஒரு சிறு பங்கு. எண்ணெய்-நீர்ப் பரப்பில் இழுவிசை 0.02 நியூட்டன்/மீட்டர் என்று வைத்தால் அந்த எண் வினாடிக்கு 20 மீட்டர். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போலிச் சுழலாக வந்தாலே வினாடிக்கு 2 மில்லிமீட்டர். துளியின் உண்மை வேகத்தைப் போல நான்கு மடங்கு. துளி எந்தப் பக்கம் போகிறது என்பதை இயற்பியல் முடிவு செய்யவில்லை, கணக்கின் பிழை முடிவு செய்கிறது. மெஷ்ஷை நுணுக்கினால் இது தானாகக் குறையும் என்று நம்பக் கூடாது. வளைவைக் கணக்கிடும் வழி மோசமென்றால் குறையவே குறையாது.

இதைத் தணிக்க இரண்டு வேலைகள் சேர்ந்தே செய்யப்பட வேண்டும். அழுத்தச் சரிவையும் இழுவிசையையும் ஒரே செல்முகங்களில், ஒரே சூத்திரத்தில் எழுத வேண்டும். அப்போதுதான் நிற்கும் துளியில் இரண்டும் சரியாகக் கழிபடும். வளைவை நீர்ப்பங்கின் சரிவிலிருந்து எடுக்காமல், செல்வரிசைகளில் நீரின் உயரத்தைக் கூட்டி எடுக்கும் உயரச் சார்பு வழியிலோ, எல்லையிலிருந்து ஒவ்வொரு இடமும் எவ்வளவு தூரம் என்பதை வைத்து எல்லையைக் குறிக்கும் லெவல் செட் வழியிலோ எடுக்க வேண்டும். லெவல் செட் எல்லையை வழுவழுப்பாக வைத்திருக்கும், ஆனால் நிறையை மெல்லத் தொலைக்கும். சிறு துளிகள் கண்ணெதிரே காணாமல் போகும். இரண்டையும் இணைத்து ஓட்டுவது அதனால்தான் வழக்கமாயிற்று. கூடவே காலப்படிக்கு ஒரு புதுக் கட்டுப்பாடு வருகிறது. நீர்-காற்று எல்லையில் 1 மில்லிமீட்டர் செல்லுக்கு சுமார் 1 மில்லிவினாடி, 0.1 மில்லிமீட்டர் செல்லுக்கு 0.03 மில்லிவினாடி. செல்லைப் பத்தில் ஒன்றாக்கினால் காலப்படி முப்பதில் ஒன்றாகிறது. இவ்வளவு சிறிய படிகளில் தைலம் பிரியும் ஒரு முழுக் கலனைக் கணிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. துளிகள் சிறியவை, எண்ணற்றவை என்றால் எல்லையைத் துரத்துவதை விட்டுவிட்டு, துளி அளவுக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஏறும் வேகம் கொடுப்பதே மேல்.

நீரை மின்நிலையத்துக்கு இறக்கும் பென்ஸ்டாக் குழாயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவில் நீர் 900 மீட்டருக்கு மேல் கீழிறங்கிப் பெல்டன் சக்கரத்தை அடிக்கிறது. வால்வை மூடும்போது எழும் அழுத்த அலைக்கு முப்பரிமாண மெஷ் எதற்கு? குழாய் நெடுக ஒரு பரிமாணம் போதும். நீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் சட்டென்று குறைந்தால் 100 மீட்டர் நீருயரத்துக்கு மேல் அழுத்தம் கூடும். அலை போகும் பாதையிலேயே கணக்குப் போடும் சிறப்பியல்பு வளைகோட்டு முறையில் கூரண்ட் எண்ணைச் சரியாக 1-இல் வைத்தால் இந்த உச்சம் மழுங்காமல் நகரும், 0.8 என்று வைத்து இடைச்செருகினால் மழுங்கும், ஆபத்து குறைவாகத் தெரியும். ஆனால் குழாயின் மேல்பகுதியில் ஒரு விழுக்காடு காற்று கலந்தாலே அலையின் வேகம் வினாடிக்கு 1,100 மீட்டரிலிருந்து 100 மீட்டர் அளவுக்கு வீழ்ந்துவிடும். வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் எல்லா இடத்திலும் கூரண்ட் எண்ணை 1 ஆக வைக்க முடியாது. குழாயின் ஒவ்வொரு துண்டிலும் வரவு செலவு பார்க்கும் கொதுனோவ் வகைக் கொள்ளளவு முறைக்குப் போவது நல்லது. அழுத்தம் ஆவியழுத்தத்துக்கு இறங்கி நீர்த்தம்பம் அறுபடும் இடத்தில் ஆவிக்குழியை ஒவ்வொரு கணுவிலும் வைக்கும் மாதிரி, குழியின் அளவு அந்தத் துண்டின் கொள்ளளவில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் இல்லாத உச்சங்களைக் கக்கும். உதகை உயரத்தில் இந்த நிலைக்கு இறங்க உள்ள இடைவெளி சுமார் 7.7 மீட்டர் நீருயரம்; கடற்கரையில் 10 மீட்டருக்கு மேல். முதல் பத்தியில் சொன்ன, மாற்றாமல் விட்ட கடற்கரைக் காற்று இங்கே காசு கேட்கும்.

நிலச்சரிவு வேறு உலகம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் புதைந்து இறந்தார்கள். மண்ணும் நீரும் கலந்து சரியும் அந்தக் குழம்பு பல நூறு மீட்டர் நீளம், சில மீட்டர் ஆழம். ஆழத்தைச் சராசரியாக்கி இரு பரிமாணத்தில் எழுதுவதுதான் வழக்கம். மூன்று இடங்களில் முறை சறுக்கும். முதலாவது, சரிவின் விசையையும் ஆழத்தின் அழுத்தத்தையும் சமநிலையாக எழுதாவிட்டால் ஓடாத நீர் ஓடும். காற்றசையாத காலையில் எமரால்டு ஏரியை மெஷ்ஷில் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடித்தரை மேடுபள்ளமாக இருந்தாலும் ஏரி அசையக் கூடாது. அசைந்தால் அந்த முறையை மலைக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டாவது, ஈரமும் உலர்வும் சந்திக்கும் முகப்பு: ஆழம் எதிர்மறையாகிவிடும், அல்லது மெல்லிய படலத்தில் வேகம் அசாத்தியமாக எகிறும். ஆழத்தை எதிர்மறைக்கு விடாத எச்எல்எல் வகைத் தீர்வியும் ஒரு குறைந்தபட்ச ஆழ வரம்பும் வேண்டும். மூன்றாவது நுட்பமானது. மண்ணுக்கும் நீருக்கும் தனித்தனி வேகம் கொடுத்தால், இரண்டின் வேக வித்தியாசம் ஓரளவைத் தொட்டதும் சமன்பாட்டின் அலைவேகங்கள் கற்பனைப் பகுதி கொண்ட எண்களாகும். அப்புறம் மெஷ் நுண்ணாக நுண்ணாக விடை மோசமாகும். அப்விண்ட் தன் போலி விரவலால் இதை மூடி மறைத்துவிடுவதால், ‘பழைய முறையில் நன்றாக ஓடியது, நல்ல முறைக்கு மாற்றியதும் வெடிக்கிறது’ என்ற புலம்பல் எழும். வெடித்தது முறையல்ல, சமன்பாடு.

இனி தேயிலைத் தொழிற்சாலை. குன்னூர், கோத்தகிரி பக்கம் சிடிசி தூளை (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது) உலர்த்துவது பெரும்பாலும் எஃப்பிடி (பொங்கு படுகை) ட்ரையரில்தான். துளையிட்ட தட்டின் அடியிலிருந்து வரும் சூடான காற்று தூளைக் கொதிக்கும் பால் போலப் பொங்க வைக்கும். சுமார் 70 விழுக்காட்டு ஈரத்தோடு உள்ளே போவது 3 விழுக்காட்டில் வெளியே வரும். 100 கிலோ ஈரத்தூளில் 69 கிலோ நீராவியாகப் போய்விடுகிறது. 1,800 மீட்டர் உயரத்தில் 130 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 0.7, கடல் மட்டத்தில் 0.88. மின்விசிறி தள்ளுவது கன அளவை. எனவே அதே கன அளவுக் காற்று இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தைக் கொண்டுவரும். தூள் பொங்கத் தேவையான குறைந்தபட்ச வேகமோ, இந்த அளவுத் துகள்களில், காற்றின் அடர்த்தியைவிடப் பாகுநிலையையே நம்பியிருக்கிறது. உயரத்தால் அது அதிகம் மாறாது. படுகை நன்றாகப் பொங்குவதாகத் தெரியும், தூள் உலர்ந்திருக்காது. கடற்கரை எண்களோடு ஓட்டிய கணக்கு இதைச் சொல்லவே சொல்லாது.

ஒவ்வொரு துகளையும் தனியாகப் பின்தொடரலாமா? 0.6 மில்லிமீட்டர் துகள் என்றால் ஒரு கிலோவில் சுமார் ஒரு கோடி. ட்ரையரில் கிலோக்கணக்கில் கிடக்கிறது. தட்டின் ஒரு துளையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் அந்த வழி சரிப்படும். முழு ட்ரையருக்குத் தூளையும் ஒரு பாய்மமாகக் கருதும் இருபாய்ம முறை அல்லது பல துகள்களை ஒரு பொட்டலமாகக் கட்டி நகர்த்தும் முறை.

இருபாய்ம முறையில் அப்விண்ட் செய்யும் சேட்டை கண்ணுக்கே தெரியும்: படுகையில் ஏறும் குமிழிகள் உருண்டையாக இல்லாமல் மேல்நோக்கிக் கூம்பாக இருக்கும். சூப்பர்பீ போன்ற இரண்டாம்படி வரம்பிக்கு மாற்றினால் தலை உருண்டுவிடும். கூம்புக் குமிழிப் படம் போட்ட அறிக்கை வந்தால் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு படிக்கலாம். செல்லின் அளவு துகளின் விட்டத்தைப் போல பத்து மடங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது 6 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதானால் துகள்கள் கொத்தாகச் சேர்வது செல்லுக்குள் மறைந்து போகும். கொத்துகளுக்கு நடுவே வழி தேடி நழுவும் காற்று எல்லாத் துகளையும் சமமாக இழுப்பதாகக் கணக்கு நினைக்கும். இழுவை மிகையாகி, படுகை உண்மையைவிட உயரமாகப் பொங்கும். பெரிய செல்தான் கட்டுபடியாகும் என்றால் இழுவைச் சூத்திரத்தையே அதற்கேற்பக் குறைத்தெழுத வேண்டும்.

தூள் நெருங்கி அடையும் எல்லையை 0.63 என்று எழுதுவது வழக்கம். அது உருண்டைகளுக்கு. சிடிசி தூள் உருண்டையல்ல, உள்ளே விழும் முனையில் ஈரமாக ஒட்டவும் செய்யும். துகள்களின் மோதலை வாயு மூலக்கூறுகள் போலக் கருதும் கொள்கையில் ஒட்டுதல் கிடையாது. ஆகவே முதல் அறையில் தூள் உருண்டை கட்டுவதை எந்த நல்ல முறையும் காட்டாது. அங்கே தொழிற்சாலைக்காரர் கையால் அள்ளிப் பார்த்துச் சொல்வதே அளவீடு.

கால அளவு வேறு ஒரு சிக்கல். காலப்படி 0.1 மில்லிவினாடி, தூள் ட்ரையரில் தங்குவதோ பதினைந்து இருபது நிமிடம். இருபது நிமிடத்தைக் கணிக்க 1.2 கோடி படிகள் வேண்டும். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. முதல் 5 வினாடியைத் தள்ளிவிட்டு, அடுத்த 20 வினாடிகளில் குமிழிகள் தூளை முன்னும் பின்னும் எவ்வளவு கலக்கின்றன என்று அளந்துகொள்ளுங்கள். ட்ரையரை நீளவாக்கில் ஏழெட்டு அறைகளாகப் பிரித்து, அந்தக் கலக்கும் அளவையும் அறைக்கறை ஆவியாகும் நீரையும் சாதாரண விரிதாளில் போட்டால் வெளிவரும் தூளின் ஈரம் கிடைக்கும். ஈரம் குறையக் குறையத் துகள் சுருங்கி இலேசாவதால், கடைசி அறைக்குக் கணக்கை உலர்ந்த துகளின் விட்டத்தோடும் எடையோடும் தனியாக ஒரு முறை ஓட்ட வேண்டும். முதல் அறையைப் பொங்க வைக்கும் காற்று வேகம் கடைசி அறையில் தூளைப் புகைபோக்கி வழியே அள்ளிக்கொண்டு போய்விடும்.